மாடி வேகுது, சுவர் ஊறுது, பில் ஏறுது: டெல்டா வீடுகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் புகார் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவிரி டெல்டாவில் வீட்டுக்குக் காசு செலவழிக்க ஒரு வரிசை உண்டு: கூரை, காற்று, ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்), அதன் பிறகு மின்கருவிகள், கடைசியில் சோலார். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகும் மாடிக்கு ஏ.சி. வாங்குகிறார்கள், ஏ.சி. பில்லுக்குப் பயந்து சோலார் போடுகிறார்கள், தளம் அப்படியே வெயிலில் கிடக்கிறது.

இன்னொன்று. வீட்டைக் குளிரவைக்கக் கிடைக்கும் யோசனைகளில் பாதி வறண்ட வெயில் அடிக்கும் ஊர்களுக்கானவை. நம் பக்கம் வெயிலோடு ஈரமும் சேர்ந்து அடிக்கிறது. தஞ்சாவூரில் வேலை செய்யும் யோசனை நாகப்பட்டினத்தில் வேலை செய்யாமல் போவதும் உண்டு.

"ராத்திரி பத்து மணிக்கும் மாடி ரூம் வேகுது"

முதலில் கையால் சோதியுங்கள். இரவு எட்டு மணிவாக்கில் ஒரு ஸ்டூலில் ஏறி மேல்தளத்தின் அடிப்பக்கத்தைத் தொடுங்கள். பிறகு மேற்குச் சுவரைத் தொடுங்கள். தளம் சுட்டால் கோளாறு கூரையில். சுவர் சுட்டால் மேற்கு வெயில். இரண்டும் சுடாமல் வியர்வை மட்டும் கொட்டுகிறதென்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள், அது வேறு நோய்.

கூரை ஏன் இவ்வளவு சுடுகிறது? நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகாது. ஆக, கோடையில் வீட்டின் மேல் விழும் வெயிலில் பெரும்பங்கு மொட்டை மாடிக்குத்தான். ஐந்து அங்குல கான்கிரீட் பகலெல்லாம் அந்தச் சூட்டைக் குடித்து, சாயங்காலத்துக்கு மேல் மெதுவாகக் கீழே இறக்குகிறது. ஃபேனைப் போட்டால் அந்தச் சூடான காற்றுதான் தலையில் விழும்.

மிக மலிவான வைத்தியம் வெள்ளை. மாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டி, பாசியைச் சுரண்டி, நன்றாகக் கழுவி, சுண்ணாம்பில் கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கரைந்து போகும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். அது தொல்லை என்றால் 'கூல் ரூஃப்' பெயிண்ட் இருக்கிறது. வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள், வெயிலில் பூச்சு எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்பதைக் காட்டும் எண் அது. நல்ல வெள்ளைப் பூச்சுக்கு அது 100-ஐ ஒட்டி இருக்கும். அந்த எண் போடாத டப்பா வெறும் வெள்ளை பெயிண்ட்தான். எதை அடித்தாலும் தூசியும் பாசியும் படிந்தால் பலன் குறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

அடுத்த படி, தளத்தின் மேல் தளம். பழைய கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து, அதன் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பார்கள். தண்ணீர் இறங்காமல் தடுப்பதோடு சூட்டையும் தாமதப்படுத்தும் அடுக்கு அது. புதிதாகக் கட்டிய பல வீடுகளில் 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று விட்டதுதான் இன்று வேகிறது. இப்போது போடுவதாக இருந்தால் சிவப்புத் தட்டோட்டுக்குப் பதில் வெள்ளை ஓடு பதியுங்கள். மழைநீர்க் குழாய் பக்கம் வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதை, ஓடு பதிக்கும் முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். பழைய வீடாக இருந்தால் இத்தனை எடையைத் தளம் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

மூன்றாவது, நிழல். முன்பு மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். குளிர்ச்சிக்கு அதற்கு ஈடு கிடையாது, ஆனால் தீ பயமும் அடிக்கடி கீற்று மாற்றும் செலவும் உண்டு. இப்போது எல்லாரும் ரூஃபிங் ஷீட் போடுகிறார்கள். நான்கு பக்கமும் திறந்திருக்கும் ஷீட் நல்லது, தளத்துக்கு முழு நிழல். அதையே பக்கங்களை அடைத்து ஒரு அறையாக்கினால் அடுப்பாகிவிடும். மேல்பக்கம் வெளிர் நிறமாக இருக்கட்டும். தூண்களைக் கைப்பிடிச் சுவரில் நிறுத்தாமல், கீழிருந்து வரும் கான்கிரீட் தூண்களின் தலையில் போல்ட் அடித்து நிறுத்துங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யத்திலிருந்து மன்னார்குடி, பட்டுக்கோட்டை வரை எத்தனை ஷீட் எங்கெங்கே போய் விழுந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

செய்யக் கூடாதது: கீழே ஃபால்ஸ் சீலிங் மட்டும் அடிப்பது. சூடு தளத்திலேயே தங்கும், மழையில் தளம் கசிந்தால் வெளியே தெரியாது, தெரியும்போது கம்பி துருப்பிடித்திருக்கும். சூட்டைத் தடுக்கும் பலகை போடுவதாக இருந்தால் அது தளத்துக்கு மேல்பக்கம்தான் வர வேண்டும்.

மேற்குச் சுவர் சுடுகிறதென்றால் இவ்வளவு செலவு கிடையாது. வெளிர் நிறம் அடியுங்கள், ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேடு வையுங்கள், இடமிருந்தால் நாலு அடி தள்ளி ஒரு பந்தலில் அவரையோ கோவையோ ஏற்றிவிடுங்கள். புங்கன் வைத்தால் இன்னும் நல்லது, வளரும் வரை பொறுக்க வேண்டும். ஒரு தகவல்: வைகாசி, ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும். 'வடக்கு ஜன்னலுக்கு நிழல் எதற்கு' என்று சன்ஷேடை மிச்சம் பிடித்தவர்கள் அந்த இரண்டு மாதமும் அனுபவிப்பார்கள்.

"சூடு அவ்வளவா இல்ல, ஆனா புழுங்குது"

இது காற்றோட்டக் கோளாறு. அறைக்கு எத்தனை ஜன்னல் இருக்கிறது என்பதைவிட, வந்த காற்று வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு ஊதுபத்தியை ஏற்றி ஜன்னலருகே பிடியுங்கள். புகை உள்ளே வந்து எதிர்ப்பக்கம் போனால் நல்லது. வந்த இடத்திலேயே சுழன்றால் எதிரே வழி அடைபட்டிருக்கிறது. கொசுவுக்குப் பயந்து மூடிய வென்டிலேட்டர், கட்டில் போட்டு மறைத்த ஜன்னல், அடுத்த வீட்டுச் சுவர் என்று காரணம் கண்முன்னே இருக்கும்.

கொசுவலை அடித்தால் காற்று குறையத்தான் செய்யும். வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊரில் வலை இல்லாமலும் முடியாது. கதவுகள் ஒன்றன் மேல் ஒன்று நகரும் ஜன்னலில் பாதிதான் திறக்கும், அதிலும் வலை வந்தால் காற்றுக்கு மிச்சம் என்ன? முழுதாகத் திறக்கும் இரட்டைக் கதவு ஜன்னல்தான் நம் ஊருக்குச் சரி.

முற்றம் இல்லாத வீட்டில் சூடான காற்றை வெளியேற்றும் வேலையை மாடிப்படி அறை செய்யும். படிக்கட்டின் உச்சியில் இருக்கும் அறைச் சுவரில், கூரையை ஒட்டி, எதிரெதிரே இரண்டு ஜாலி (காற்று போகத் துளைகள் உள்ள தடுப்பு) வைத்துப் பாருங்கள். சூடான காற்று தானாக ஏறி வெளியே போகும், கீழ் ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வரும். மின்சாரம் வேண்டாத எக்ஸாஸ்ட் ஃபேன் அது.

கூலர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தண்ணீர் ஆவியாகும்போதுதான் கூலர் குளிரும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. தஞ்சாவூர், பூதலூர், திருக்காட்டுப்பள்ளி பக்கம் மேலைக்காற்று வறண்டு அடிக்கும் சித்திரை மதியத்தில் கூலரும் வெட்டிவேர்த் தட்டியும் ஓரளவு உதவும். தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் கூலர் அறைக்குள் ஈரத்தைத்தான் கூட்டும். அங்கே வாங்க வேண்டாம்.

"முற்றத்தை மூடின நாள்ல இருந்து வீடு முழுக்க அனல்"

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பழைய தெரு வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. திண்ணையில் காற்று நுழைந்து, ரேழி என்ற நடைவழியாகக் கூடத்துக்கு வந்து, முற்றத்தில் ஏறி வெளியே போகும். வீட்டுக்கே வெளிச்சமும் அங்கிருந்துதான். அதை மூடினால் வீடு மூச்சுவிடாது. அதிலும் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது.

மூடியதற்கும் காரணம் உண்டு. குரங்கு, திருட்டு, மழைச் சாரல், வயதானவர்கள் வழுக்கி விழும் பயம். பிரித்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஷீட்டைத் தூக்குங்கள், போதும். சுற்றியிருக்கும் ஓட்டுக்கூரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் சட்டம் கட்டி, அதன் மேல் ஷீட்டைப் போட்டு, நாலு பக்க இடைவெளியிலும் கம்பி வலை அடியுங்கள். சாரல் அடிக்காமல் இருக்க ஷீட் விளிம்பு ஓட்டைத் தாண்டி ஒரு அடியாவது நீளட்டும். ஷீட்டின் நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு பட்டை மட்டும் ஒளி ஊடுருவுவதாக விட்டு, மீதியை ஒளி புகாத வெள்ளையாக மாற்றிவிட்டால் மதிய வெயிலும் அடங்கும். முற்றத்தின் தூம்பை அடைத்திருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். ஒரு பெருமழையில் சாரல் உள்ளே வந்தாலும் தண்ணீருக்குப் போக வழி வேண்டும்.

"சுவர்ல ஓதம் ஏறி உப்பு பூக்குது"

ஓதத்துக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஈரச் சுவர் உள்ள அறையில் ஏ.சி. ஓடினால் அது அறையைக் குளிரவைக்கும் முன் சுவரைக் காயவைக்க முயல்கிறது, அந்தச் சுவரோ தரையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பில் எங்கே போகிறதென்று தேடுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

நோயைப் பிரித்தறிய இடம் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் சுவர் நெடுக ஒரே கோடாக நின்றால் நிலத்து ஓதம். கூரை ஓரத்தில் திட்டாக இருந்தால் தளக் கசிவு. குளியலறைச் சுவரின் மறுபக்கம் மட்டும் என்றால் குழாய். சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிகிறது, அதற்கு ஜன்னலைத் திறப்பதுதான் மருந்து.

நிலத்து ஓதத்துக்கு வழக்கமாக நடப்பது இதுதான்: உதிர்ந்ததைச் சுரண்டி, கெட்டியாக சிமென்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டுவது. ஈரத்துக்கு வெளியேற வழி அடைபட்டதும் அது டைல்ஸுக்கு மேலே ஏறி வெளிவரும். இரண்டடியில் நின்றது நாலடிக்குப் போகும்.

சரியான முறை மெதுவானது. ஓதக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகவே தேய்த்துத் தள்ளுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு மறுபடி உள்ளே போகும். மாசியில் ஆரம்பித்தால் வெயில் காலம் முழுக்கச் சுவரைத் திறந்தே போட்டுக் காயவைக்கலாம். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சில வருடத்தில் உதிரலாம், உதிர்ந்தால் பூச்சு போகும், செங்கல் பிழைக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் சிரமம். 'சிமென்ட் போட்டா ஒரே நாள் வேலைங்க' என்பவரை வற்புறுத்தாதீர்கள், வேறு ஆளைத் தேடுங்கள்.

வீட்டுக்கு வெளியேயும் பாருங்கள். டெல்டா ஊர்களில் சாலை மேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டு அடிமட்டம் தெருவுக்குக் கீழே போயிருக்கும். சுவரோரம் தண்ணீர் நிற்காதபடி ஒரு சிறு வடிகால் எடுத்துவிட்டாலே ஓதம் குறைவதைக் காணலாம். புதிதாகக் கட்டுபவர்கள் அடிமட்டத்தில் ஓதத் தடுப்பு அடுக்கை மறக்க வேண்டாம். கட்டி முடித்த பின் அதை உள்ளே வைக்க ஆகும் செலவைவிட அன்றைக்கு மிகக் குறைவாகவே ஆகும்.

"இந்த தடவை பில் எக்கச்சக்கம்"

முதலில் யூனிட்டைப் பாருங்கள், ரூபாயை அல்ல. 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஒரு எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை மாறும். 490-க்கும் 510-க்கும் நடுவே உள்ள இருபது யூனிட் பில்லில் பெரிய தாவலாகத் தெரிவது அதனால்தான்.

யூனிட்டே கூடியிருந்தால், வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால் எங்கோ கசிவு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஒத்திப்போட வேண்டாம். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டு எது வேகமாக மினுக்கவைக்கிறதென்று பாருங்கள். எத்தனை மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்.

வழக்கமாகச் சிக்கும் ஆட்கள்: கதவு ரப்பர் தளர்ந்த பழைய ஃப்ரிட்ஜ், சார்ஜ் நிறையாமல் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கும் கிழட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, அணைக்க மறந்த கீசர். யாரும் சந்தேகப்படாதது ஃபேன். 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்தது) அதே வேலைக்கு 22 யூனிட்டுக்குள் எடுக்கும். மூன்று ஃபேன் மாற்றினால் ஏறக்குறைய 97 யூனிட் மிச்சம், 500 கோட்டுக்குக் கீழே இழுத்துவர பல வீடுகளுக்கு இதுவே போதும். பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டாதீர்கள், ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடி ஸ்விட்ச் வைக்கச் சொல்லுங்கள்.

"மோட்டார் ரொம்ப நேரம் ஓடுது"

எந்த மாதம் என்று முதலில் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும். ஆறு காய்ந்த பங்குனி, சித்திரையில் இறங்கும். கோடையில் மட்டும் நேரம் கூடுவது இயல்பு. வருடம் முழுக்கக் கூடியிருந்தால் ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடியில் இருப்பது) கசிவு, குழாயில் உப்புப் படிவு, நிரம்பி வழியும் டேங்க் ஆகியவற்றைப் பாருங்கள். உறுமிக்கொண்டு கிளம்பினால் கெப்பாசிட்டர். சாயங்காலம் மட்டும் திணறினால் குறைந்த வோல்டேஜ், அதிகாலையில் போட்டுப் பாருங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழியில் தண்ணீர் உறிஞ்சாமல் நிற்கிறதா? 2003-ல் கட்டாயமாக்கியபோது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிக் குழி போட்டார்கள். நம் களிமண் தண்ணீரை உள்ளே விடாது. களி அடுக்கைத் தாண்டி மணல் வரும் வரை துளை இறக்க வேண்டும், அல்லது வீட்டுக் கிணற்றில் வடிகட்டி விட வேண்டும்.

"ஏ.சி. ஓடுது, ரூம் சில்லுனு இருக்கு, ஆனா நசநசங்குது"

அறைக்கு மிஞ்சிய ஏ.சி. என்று அர்த்தம். சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடுகிறது, ஈரத்தை எடுக்க நேரமில்லை. 'டிரை' முறையில் ஓட்டிப் பாருங்கள். 24-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகப் போட்டால் போதும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு) கணக்கு. கடலோரம் என்றால் வெளி யூனிட்டை உப்புக்காற்று அரிக்கும், அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

"சோலார் போட்டும் பில் குறையல"

ஒரு கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட்டுக்கு 12. ஐப்பசி, கார்த்திகையில் இதைவிடக் குறைவுதான், அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். பங்குனியிலும் ஆறு ஏழு யூனிட்தான் வருகிறதென்றால் தேடுங்கள். அறுவடைக்குப் பின் வரும் வைக்கோல் தூசி, காக்கை எச்சம், தென்னங்கீற்று நிழல். நிழல்தான் கொடிய எதிரி: பலகைகள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒரு மூலையில் விழும் கீற்று நிழல் வரிசை முழுவதின் உற்பத்தியையும் இழுத்துவிடும்.

நடுப்பகலில் சோலார் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடினால் அதன் திரையில் என்ன எச்சரிக்கை வருகிறதென்று படம் எடுத்து வையுங்கள். லைன் வோல்டேஜ் எல்லை மீறினாலும் அது நிற்கும். கரண்ட் போனால் சோலாரும் நிற்கிறதே என்பது இன்னொரு புகார். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய வேறு வகை வாங்க வேண்டும், விலை கூடும்.

இனிமேல்தான் போடப் போகிறீர்கள் என்றால்: 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக 78,000 ரூபாய் மானியம். மேலே சொன்ன ஃபேன், ஃப்ரிட்ஜ், கூரை வேலையை முடித்துவிட்டு இரண்டு பில் பார்த்த பிறகு அளவு முடிவு செய்யுங்கள், ஐந்து கிலோவாட் கேட்ட வீட்டுக்கு மூன்றே போதுமென்று வரலாம். பலகை தெற்கு பார்த்து, பதினொரு டிகிரி அளவு சாய்ந்து, கஜா மாதிரிக் காற்றுக்குத் தாங்கும்படி தூணில் பிணைத்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் தெற்குப் பக்கத் தென்னையைப் பாருங்கள். மார்கழியில் நண்பகலில்கூட நிழல் மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வடக்கே நீளும். பலகை மட்டத்துக்கு மேல் முப்பது அடி நிற்கும் மரத்தின் நிழல் இருபது அடிக்கு வரும், காலை மாலையில் இன்னும் அதிகம். விற்க வருபவர் சித்திரையில் வந்து 'நிழலே இல்ல சார்' என்றால், மார்கழிக் கணக்கைக் கேளுங்கள்.